வடிவமைப்புக் கொள்கை

ஜனங்கள் அன்றாடம் கையாளும் பண்டங்களையும் கருவிகளையும் யோசித்து உருவாக்கும் திறமையை வியாபாரிகளின் விருப்பத்துக்கே விட்டுவிடாமல், கல்வியைப் போலவும் நீர்ப்பாசனத்தைப் போலவும் தேசத்தின் செல்வமாகக் கருதி, அதை வளர்ப்பதற்கென ஓர் அரசாங்கம் வகுத்துக்கொள்ளும் நெறி வடிவமைப்புக் கொள்கை எனப்படும். பிரிட்டன் 1944-ஆம் ஆண்டிலேயே, யுத்தம் முடியுமுன்னரே, தன் கைத்தொழிற் பொருள்களின் தரத்தை உயர்த்த ஒரு கவுன்சிலை அமைத்தது. வறுமையைப் போக்கும் சாதனமாக வடிவமைப்பைக் காணும் நோக்கத்துக்கோ இந்தியாவின் அனுபவமே சிறந்த உதாரணம்.

இந்திய அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று, ஃபோர்டு அறநிலையத்தின் உதவியுடன் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர், நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். அதில் அவர்கள் வியந்து போற்றிய பொருள் சாதாரண லோட்டா. அது எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், தலையிலும் இடுப்பிலும் சுமக்கும்போது நிறைகுடமாயினும் குறைகுடமாயினும் சமன் கெடாதிருப்பது எப்படி, சாய்த்தால் நீர் எவ்வாறு விழும், உள்ளே துலக்குவதற்கு வாய் எவ்வளவு அகன்றிருக்க வேண்டும், பழையதானபின் உலோகம் என்ன விலைக்குப் போகும் என்ற இத்தனை கேள்விகளுக்கும், பெயர் அறியப்படாத கன்னார்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடிக் கண்ட விடையே அப்பாத்திரம் என்பதை அவர்கள் விளங்கவைத்தார்கள். இவ்வறிக்கையைத் தொடர்ந்து 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. கௌதம் சாராபாயும் அவர் சகோதரி கீராவும் அதை உருவாக்கி வளர்த்தனர்.

கொள்கை என்று ஏட்டில் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே அதன் உட்பொருள் நடைமுறையில் சோதிக்கப்பட்ட இடம், ராஜஸ்தானத்தில் அடிக்கடி வறட்சிக்கு ஆளாகும் ஜவாஜா. அங்கே 1975-இல் பேராசிரியர் ரவி மத்தாய் தொடங்கிய முயற்சியில், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தார் தோல் தொழிலாளர்களோடும் நெசவாளர்களோடும் சேர்ந்து உழைத்தனர். தோல் வாரினாலேயே கோத்துப் பிணைத்த பைகள் அவர்கள் கையில் உருவாயின. பைகளைவிடவும் பெரிய பலன், தம் சரக்கைத் தாமே சந்தைக்குக் கொண்டுசெல்லவும், விலை பேசவும், சங்கமாகக் கூடிக் கணக்குப் பார்க்கவும் அத்தொழிலாளர் பழகிக்கொண்டதே. மனித அபிவிருத்தி என்ற சொல்லுக்கு இதைக்காட்டிலும் தெளிவான பொருள் கூறுவது அரிது.

1979 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் தொழில் வளர்ச்சி அமைப்பும் சர்வதேச வடிவமைப்புச் சங்கங்களின் பேரவையும் கூட்டிய மாநாடு, வளர்ச்சிக்கு வடிவமைப்பைப் பயன்படுத்துவது பற்றிய அகமதாபாத் பிரகடனத்தை வெளியிட்டது. ஆனால் இந்தியாவின் தேசிய வடிவமைப்புக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை இசைந்தது 2007 பிப்ரவரியில்தான். அதன்படி இந்திய வடிவமைப்புக் கவுன்சில் ஏற்பட்டது. ஆந்திரத்திலும், குருக்ஷேத்திரம், போபால், ஜோர்ஹாட் ஆகிய ஊர்களிலும் புதிய கல்வி நிலையங்கள் எழுந்தன. தரக்குறியீடு, ஏற்றுமதி, காப்புரிமை ஆகியவற்றில் அக்கொள்கை காட்டும் அக்கறை நியாயமானதே. ஆயினும் ஜவாஜாவில் நடந்ததுபோல் வடிவமைப்பாளர் கைவினைஞரின் பட்டறையில் நெடுநாள் உடனிருந்து உழைப்பதற்கு அது வழிசெய்யும் அளவு இன்னும் குறைவே.