பிளவுஸ் அளவு வேற, பிரா அளவு வேற

கொஞ்சம் கூச்சமான தலைப்புதான். ஆனா தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உடம்போட ஒட்டி இருக்கிற ஒரு உடையைப் பத்திப் பேச என்ன கூச்சம்? ஆண்களும் படிங்க. உங்க வீட்டுலயும் பெண்கள் இருக்காங்க.

ஓபியில் தோள்வலி, கழுத்துவலி, மார்புக்குக் கீழே புண், அரிப்புன்னு வர்ற பெண்களிடம் நான் கேட்கிற ஒரு கேள்வி: "என்னம்மா அளவு போடுறீங்க?"

பெரும்பாலும் வர்ற பதில்: "36 டாக்டர். பிளவுஸும் அதே அளவுதான்."

இந்தப் பதில்லதான் சிக்கலே இருக்கு. அதைப் புரிஞ்சுக்கக் கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

மார்பைத் தாங்க ஒரு துணி என்பது நமக்குப் புதுசு இல்லை. பழந்தமிழில் "கச்சு" என்ற சொல் உண்டு. சோழர் கால வெண்கலச் சிலைகளில் பெருமாளோடு நிற்கும் ஸ்ரீதேவிக்குப் பொதுவாக மார்புக்கச்சை இருக்கும். பூதேவிக்கு இருக்காது. இருவரையும் அடையாளம் காண அதுவே ஒரு வழி.

ஆனா யார் எதை உடுத்தலாம் என்பதை உடுத்துகிறவர் முடிவு செய்யாத காலமும் இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே நாடார் பெண்கள் உள்ளிட்ட பலருக்கு மேலாடை மறுக்கப்பட்டது. போட்டவர்களின் துணி தெருவில் கிழிக்கப்பட்டது. 1820களில் தொடங்கி அலை அலையாக நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, சென்னை ஆளுநர் ட்ரெவெல்யனின் அழுத்தமும் சேர, 1859ல் தான் மன்னரின் அறிவிப்பு வந்தது. அதிலும் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் பாணியில் உடுத்தக் கூடாது!

நெஞ்சை மறைக்க ஒரு துணிக்கே இவ்வளவு போராட்டம்னா, "எனக்கு இது இறுக்குது, வேற அளவு குடுங்க"ன்னு கேட்கும் குரல் வர எவ்வளவு காலம் ஆகும், யோசிங்க.

சரி, இப்போ அமெரிக்கா போவோம். நாம இன்னைக்குப் போடும் பிராவின் அளவுமுறை அங்கேதான் பிறந்தது.

1914ல் நியூயார்க்கைச் சேர்ந்த மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற பெண் ஒரு பிராவுக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு கைக்குட்டை, கொஞ்சம் ரிப்பன், இதை வைத்துத்தான் முதலில் தைத்துப் பார்த்தார். விலா எலும்பை இறுக்கும் கார்செட்டிலிருந்து அது பெரிய விடுதலை. பிறகு அந்த உரிமையை வார்னர் கம்பெனிக்கு விற்றுவிட்டார்.

1920களில் மார்பைத் தட்டையாக அமுக்கிக் காட்டுவதே ஃபேஷன். தைத்த கவுன் உடம்பில் சரியாக உட்காரவில்லை என்று கவலைப்பட்ட நியூயார்க் தையல்கடைக்காரர்கள், இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தாங்கும் பிராவைக் கவுனோடு சேர்த்துத் தைத்தார்கள். அதில் முக்கியமானவர் ஐடா ரோசென்தால், ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய தையல்காரர். "மெய்டன்ஃபார்ம்" கம்பெனி அப்படித்தான் வந்தது.

அதுவரை அளவு என்றால் ஒரே ஒரு எண்தான். ஆனா ஒரே சுற்றளவு உள்ள இரண்டு பெண்களில் ஒருவருக்கு நெஞ்சுக்கூடு அகலமாகவும் மார்பு சிறிதாகவும் இருக்கலாம். இன்னொருவருக்கு நேர்மாறாக இருக்கலாம். ஒரே பிரா இருவருக்கும் எப்படிப் பொருந்தும்?

1930களின் தொடக்கத்தில் கேம்ப் என்ற கம்பெனி ஏ, பி, சி, டி என்று எழுத்து வைத்தது. சில ஆண்டுகளில் வார்னரும் பின்பற்ற, உலகம் முழுக்கப் பரவியது.

அந்த எழுத்து வந்து 90 வருஷம் ஆச்சு. நம்ம ஊரில் பலர் இன்னும் எண்ணை மட்டும் கேட்டு வாங்குகிறோம். காரணம் எளிது. நம்ம அம்மா, பாட்டிகளுக்கு "பாடி" என்பது பிளவுஸுக்கு உள்ளே போடும் இன்னொரு பிளவுஸ் மாதிரி. டெய்லர் மார்பின் மேல் டேப் சுற்றி 36 என்றால், பாடியும் 36. பாண்டி பஜார் நாயுடு ஹாலுக்குப் போனாலும் சரி, இங்கே வேளச்சேரி மாலுக்குப் போனாலும் சரி, மனசில் இருப்பது அந்த டெய்லர் சொன்ன எண்தான்.

ஆனா பிராவில் எண் என்பது மார்புக்குக் கீழே நெஞ்சுக்கூட்டின் சுற்றளவு. எழுத்து என்பது அதற்கும் மார்பின் முழுச் சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசம்.

1 அங்குலம் வித்தியாசம் ஏ. 2 என்றால் பி. 3 சி. 4 டி.

ஒரு உதாரணம்: கீழே 32, மேலே 36. வித்தியாசம் 4. அவர் அளவு 32 டி. ஆனா அவர் வாங்குவது 36 பி. கப்பின் கொள்ளளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனா பட்டை 4 அங்குலம் லூஸ்! பட்டை முதுகில் மேலே ஏறும். தாங்க வேண்டிய பட்டை தாங்காததால் ஸ்ட்ராப்பை இறுக்குவார். மொத்த எடையும் தோளில். தோளில் பள்ளம், கழுத்தில் வலி.

"டி கப்பா? நான் அவ்வளவு பெருசா டாக்டர்?" என்று பயப்படாதீங்க. டி என்பது வெறும் 4 அங்குல வித்தியாசம். அது உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை.

(சில பிராண்டுகள் கீழ் அளவோடு 4 அல்லது 5 அங்குலம் கூட்டச் சொல்லும். அந்தந்த பிராண்டின் அட்டவணையைப் பாருங்க. கடைசித் தீர்ப்பு போட்டுப் பார்ப்பதுதான்.)

போட்டுப் பார்க்கும்போது கவனிக்க:

• புதுசை வெளிக் கொக்கியில் மாட்டுங்க. பட்டைக்குள் இரண்டு விரல் நுழையணும், அதுக்கு மேல வேண்டாம்.
• பின்பட்டை முன்பட்டையின் மட்டத்திலேயே இருக்கணும்.
• மேலே பிதுங்கினால் கப் சிறிது. சுருங்கினால் பெரிது.
• கம்பி வைத்ததில் நடுப்பகுதி எலும்பில் படியணும், கம்பி மார்பின் மேல் ஏறக் கூடாது.
• ஒரு பக்கம் பெரிதா? மிகவும் இயல்பு. பெரிய பக்கத்துக்கு வாங்குங்க.

வடிவமும் முக்கியம். பால் கொடுத்த பிறகு மேல்பகுதி வற்றியவர்களுக்கு முழுக் கப் மேலே சுருங்கும், மேற்பகுதி குறைந்த அரைக்கப் நன்றாக உட்காரும். கனமான மார்புக்கு முழுக் கப், அகலப் பட்டை, அகல ஸ்ட்ராப். கர்ப்பம், எடை மாற்றம் என்றால் மறுபடி அளங்க. கல்யாணத்துக்கு வாங்கின அளவு ஆயுளுக்கும் வராது. சென்னை வெயிலுக்கு காட்டனே நல்லது, வியர்வை தங்கினால் பூஞ்சைத் தொற்று வரும்.

"கம்பி பிரா போட்டா கேன்சர் வருமா?" வராது. அமெரிக்காவின் சியாட்டிலில் சுமார் 1,500 பெண்களிடம் நடத்தி 2014ல் வெளியான ஆய்வில், பிரா போடுவதற்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு கிடைக்கவில்லை.

உண்மையில் ஆபத்து எது தெரியுமா? கூச்சம். கடையில் அளவு சொல்லக் கூச்சப்படுபவர், கட்டி தட்டுப்பட்டாலும் மாசக்கணக்கில் மறைக்கிறார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இத்தனை வருஷம் கழிச்சும் பல பெண்கள் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள்.

வலியில்லாத கட்டி, காம்பு உள்ளே இழுப்பது, ரத்தம் கசிவது, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி ஆவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஓபி சீட்டு போடுங்க. அரசு மருத்துவமனையில் பரிசோதனை இலவசம். பெண் டாக்டர் வேணும்னு கேட்கலாம்.

இன்னைக்கு ராத்திரி தையல் டேப்பை எடுங்க. இரண்டு இடத்தில் அளங்க. வீட்டில் வயசுக்கு வந்த பெண் இருந்தா அவளுக்கும் சொல்லிக் கொடுங்க, அவளாவது கிசுகிசுக்காமல் கேட்டு வாங்கட்டும்.