கடைசி நிமிஷ டிக்கெட் - ஒரு கொசுவத்திப் பதிவு

மக்கள்ஸ், ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. தீசிஸ், பார்ட் டைம் வேலைன்னு ஆணி ஜாஸ்தி. ஆனா ஒரு விஷயம் மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு, எழுதிட்டாத்தான் தூக்கம் வரும்.

போன டிசம்பர் பாதியில நடந்தது. எங்க வீட்டுல கூடத் தங்கியிருக்கிற அண்ணன் ஒருத்தர், மலேசியாக்காரர். ராத்திரி பதினொரு மணிக்கு பினாங்குல இருந்து போன். பாட்டி தவறிட்டாங்க. மறுநாள் மதியம் லண்டன்ல இருந்து கிளம்புற ஃபிளைட்டுல கோலாலம்பூருக்கு டிக்கெட் போட்டோம். அதே வாரம்தான் நானும் ஜூன் மாசத்துக்கு, அதே கோலாலம்பூருக்கு, லீவுல ஊர் சுத்த டிக்கெட் எடுத்திருந்தேன். அவர் கொடுத்தது என்னோடதுல மூணு மடங்கு. அதே மாதிரி சீட்டு, அதே மாதிரி சாப்பாடு. சாவுக்குப் போறவருக்கு மூணு பங்கு, பீச்சுக்குப் போறவனுக்கு ஒரு பங்கு. பணம் கட்டும்போது அவர் ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு.

இதை ஊருக்குப் போன் போட்டு அப்பாகிட்ட சொன்னா, "கடைசி நேரத்துல போனா காலி சீட்டைச் சும்மாவாவது குடுப்பாங்கன்னுல்ல நினைச்சேன்" என்கிறார். சிரிச்சிட்டு வச்சுட்டேன். அப்புறம் தேடிப் பார்த்தா, அப்பா சொன்னது ஒரு காலத்துல நிஜமாவே இருந்திருக்கு! அது எப்படித் தலைகீழா மாறிச்சுங்கிறதுதான் இந்தப் பதிவு. சரி, கொசுவத்தியைப் பத்த வைப்போம்.

முதல்ல இந்த "சீசன்". மலாய் மொழியில பருவத்துக்கு 'மூசிம்' என்று பேர். அரபியில 'மௌசிம்'. ஆங்கிலக்காரர்கள் சொல்லும் மான்சூனும் அதே அரபிச் சொல்லில் இருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்ததுதான். பாய்மரக் கப்பல் காலத்தில் ஆசியப் பயணத்துக்குக் கால அட்டவணை போட்டது காற்றுதான். மலாக்காவுக்கு ஒரு காற்றில் வந்த வியாபாரி, திரும்ப எதிர்க்காற்று வீசும் வரை மாசக்கணக்கில் அங்கேயே காத்திருக்கணும். கையில எவ்வளவு காசு இருந்தாலும் ஆஃப் சீசன்ல கப்பல் கிடையாது. அந்த விஷயத்துல காற்றுக்கு ஏழை பணக்காரன் எல்லாம் ஒண்ணுதான்.

விமானம் வந்தபிறகு காற்றின் இடத்துக்கு ஒரு கமிட்டி வந்தது. 1945-ல் ஹவானாவில் விமானக் கம்பெனிகள் சேர்ந்து அயாட்டா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். 1946-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் பெர்முடாவில் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அதன்படி கட்டணத்தைப் பேசி முடிவு பண்ணுவது இந்தச் சங்கத்தின் மாநாடு. அரசாங்கங்கள் அதற்கு ஒப்புதல் கொடுக்கும். மற்ற நாடுகளும் பெரும்பாலும் இதே வழியில் போயின. அதாவது போட்டியாளர்கள் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து விலை வைத்தார்கள், அதுவும் சட்டப்படி!

விலை மட்டும் இல்லீங்க, தட்டில் என்ன வைக்கலாம் என்றும் விதி. 1958-ல் எகானமி வகுப்பு வந்தபோது, அதில் சாதாரண சாண்ட்விச் மட்டும்தான் கொடுக்கலாம் என்று முடிவு. ஸ்காண்டிநேவியக் கம்பெனியான எஸ்.ஏ.எஸ். தங்கள் ஊர் வழக்கப்படி மேலே இறைச்சி, மீன் எல்லாம் அடுக்கிக் கொடுக்க, பான் ஆம் போய்ப் புகார் பண்ணி, கடைசியில எஸ்.ஏ.எஸ். அபராதம் கட்டினது. "சாண்ட்விச் போர்" என்றே இதுக்குப் பேர் :-)

இந்த ஏற்பாட்டில் ஓட்டை விழுந்தது 1970-ல். அந்த வருஷ ஜனவரியில் ஜம்போ ஜெட் 747 ஓட ஆரம்பித்தது. அதற்கு முந்தைய ஜெட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆள் ஏறும். சீட்டு கூடிப்போச்சு, விலையைக் குறைக்க விதி விடல. அப்புறம் 1973-ல் எண்ணெய் விலை எகிறினது. பாதி காலியான விமானங்கள் லண்டனில் இருந்து கிழக்கே பறந்தன. மேலே கிளம்பிட்ட விமானத்தின் காலி சீட்டு மாதிரி வீணான சரக்கு வேற எதுவும் இல்லை. நேத்து இட்லியைக்கூட இன்னைக்கு உப்புமா பண்ணலாம், நேத்து சீட்டை என்ன பண்றது?

அப்போ பிறந்ததுதான் லண்டனின் 'பக்கெட் ஷாப்' கடைகள். இந்தப் பேர் முதலில் அமெரிக்காவில் பங்கு விலை மேல் பந்தயம் கட்டிய திருட்டுக் கடைகளுக்கு இருந்தது. லண்டனில் அது டிக்கெட் கடைகளுக்கு ஒட்டிக்கிச்சு. விமானக் கம்பெனி வெளியே முழு விலை சொல்லும். உள்ளுக்குள்ள, விற்காத சீட்டுகளை மொத்த வியாபாரி ஒருத்தருக்குக் குறைஞ்ச விலையில் தள்ளிவிடும். அவர் சின்னக் கடைகளுக்குக் கொடுப்பார். மாடிப்படி ஏறிப் போனா ஒரு மேஜை, ரெண்டு போன். டிக்கெட்டில் அச்சடிச்சிருக்கிற விலை ஒண்ணு, நீங்க கொடுக்கிற காசு அதைவிட ரொம்பக் கம்மி. விதிப்படி தப்பு. ஆனா எல்லாருக்கும் தெரிஞ்ச தப்பு. விற்கிறவருக்கு லாபம், வாங்குறவருக்கு லாபம், கம்பெனிக்கும் காலி சீட்டுக்குக் கொஞ்சமாவது காசு. யார் போய்ப் புகார் சொல்வது?

ஆசியப் பாதைகளில் இந்த வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. 1972-ல் தனிக் கம்பெனியான சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அன்றைக்கு அயாட்டாவில் சேராமல் வெளியே நின்றது. அதனால எகானமியிலேயே இலவச மது, ஹெட்போன், சாப்பாட்டில் விருப்பம் என்று கொடுக்க முடிந்தது. சோவியத்தின் ஏரோஃப்ளோட் மாஸ்கோ வழியாக மலிவாகக் கொண்டுபோய் விட்டது. லண்டனில் இருந்து காட்மாண்டுவுக்குத் தரைவழியே ஆள் கூட்டிப்போக 1970-ல் தொடங்கிய ட்ரெயில்ஃபைண்டர்ஸ், அப்புறம் மலிவு விமான டிக்கெட்டில் பெரிய ஆளாச்சு. 1972-ல் லண்டனில் இருந்து கிளம்பித் தரைவழியே ஆசியாவைத் தாண்டி 27 காசுடன் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த டோனி, மொரீன் வீலர் தம்பதி, அடுத்த வருஷம் போட்ட சின்னப் புத்தகத்தில் இருந்து வளர்ந்ததுதான் லோன்லி பிளானட்.

இந்த உலகத்தில் கடைசி நிமிஷம் என்பது ஏழைக்குச் சொந்தம். நேரம் இருக்கிறவன், காசு இல்லாதவன், பையை மாட்டிக்கிட்டு காத்திருந்தா சீட்டு கிடைக்கும். 1977 செப்டம்பரில் ஃபிரெடி லேக்கர் இதை வெளிப்படையாகவே செய்தார். லண்டன் - நியூயார்க் 59 பவுண்டு. முன்பதிவே கிடையாது. அன்னைக்கு வரிசையில் நின்னு அன்னைக்கே பறக்கணும். எங்க ஊர் டவுன் பஸ் மாதிரி. அவர் கம்பெனி 1982 பிப்ரவரியில் திவாலானது. ஆனா அதுக்குள்ள பெரிய கம்பெனிகள் விலையைக் குறைக்க வேண்டியதாப்போச்சு. ஆசியப் பக்கமும் கதவு திறந்தது. 1980-ல் லண்டன் - ஹாங்காங் பாதையில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் தனிக்காட்டு ராஜ்யம் முடிந்து, கதே பசிபிக்கும் பிரிட்டிஷ் கலிடோனியனும் உள்ளே வந்தன.

இதுக்கு நடுவுலதான் கதையைத் திருப்பிப் போட்டவர் வர்றார். அவர் வியாபாரி இல்லை, கணக்குக்காரர். பிரிட்டிஷ் ஏர்வேஸின் முன்னோடியான பி.ஓ.ஏ.சி., 21 நாள் முன்னாடி வாங்கினால் குறைந்த விலை என்று ஒரு டிக்கெட் விற்றது. அதில் ஒரு சிக்கல். எத்தனை சீட்டை மலிவில் விற்கலாம்? எத்தனையைக் கடைசியில் வருகிறவருக்கு ஒதுக்கி வைக்கலாம்? அங்கே வேலை பார்த்த கென் லிட்டில்வுட் 1972-ல் ஒரு விதி சொன்னார். நம்ம பாணியில் சொன்னா இப்படி:

முழு விலை 400 பவுண்டு. அந்த விலைக்குக் கடைசியில் ஒருத்தர் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்போ அந்த சீட்டின் மதிப்பு இன்னைக்கு 200. இப்போ ஒருத்தர் 250 கொடுக்கிறேன் என்றால் விற்றுவிடு. 150 என்றால் விற்காதே, காத்திரு.

இவ்வளவுதான். ஆனா இதுக்குள்ள ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு. கடைசியில் வருகிறவர் போயே ஆகவேண்டியவர், என்ன விலை சொன்னாலும் கொடுப்பார். மீட்டிங்குக்குப் போகும் மேனேஜரை மனசுல வச்சுப் போட்ட கணக்கு. ஆனா போயே ஆகவேண்டியவர் மேனேஜர் மட்டுமா? பாட்டியைப் பறிகொடுத்தவரும்தானே?

1978-ல் அமெரிக்கா விமானக் கட்டணத்தின் மேல் இருந்த அரசுக் கட்டுப்பாட்டை எடுத்தது. 1985-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்ப்யூட்டரை வைத்து இதே கணக்கைப் பெரிய அளவில் போட்டு, மலிவு விலைப் போட்டியாளரான பீப்பிள் எக்ஸ்பிரஸை மூச்சுத் திணற வைத்தது. அப்புறம் எல்லாரும் அதே வழி. இணையம் வந்ததும் கம்பெனியே நேரடியாக விற்க ஆரம்பிச்சது, மாடிப்படிக் கடைகளுக்கு வேலை குறைஞ்சு போச்சு.

ஆசியாவுக்குள்ள இதைச் சாமானியர் கையில் கொடுத்தது ஏர் ஏஷியா. 2001-ல் டோனி ஃபெர்னாண்டஸும் கூட்டாளிகளும் 2 விமானங்களோடும் மலையளவு கடனோடும் அதை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார்கள். கோலாலம்பூர் - சிங்கப்பூர், பக்கத்துப் பக்கத்து ஊர், முப்பது வருஷத்துக்கும் மேலாக இரண்டே கம்பெனிகள் கையில் இருந்தது. 2008 பிப்ரவரியில்தான் மலிவு விமானங்களை விட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் ஏர் ஏஷியா நம்ம திருச்சிக்கும் வந்தது. மலேசியாவில் வேலை பார்க்கும் எத்தனையோ பேர் சொந்த ஊருக்கு அந்த வழியாகத்தான் போய் வந்தார்கள்.

ஆனா லண்டன் - ஆசியா முழுப் பாதையையும் இதே மாதிரி மலிவில் ஓட்டப் பார்த்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 2006-ல் 75 பவுண்டில் இருந்து ஹாங்காங் என்று தொடங்கிய ஒயாசிஸ் 2008 ஏப்ரலில் மூடினது. ஏர் ஏஷியா எக்ஸ் 2009-ல் லண்டன் வந்து 2012-ல் நிறுத்தியது. நார்வேஜியன் 2017-ல் சிங்கப்பூருக்கு விட்டு 2019 ஜனவரியில் கைவிட்டது. குறுந்தூரத்தில் ஒரே விமானத்தை ஒரு நாளில் பலமுறை ஓட்டி மிச்சம் பிடிக்கலாம். 12, 13 மணி நேரப் பறப்பில் அது முடியாது, செலவில் பெரிய பங்கு எரிபொருளுக்கே போயிடும். அதோட தூரத்துக்குத் தகுந்த மாதிரி பிரிட்டனின் பயணி வரி வேற.

அப்போ மாணவனுக்கு என்னதான் மிச்சம்? ஆஃப் சீசன்தான். இன்னைக்கு அந்த சீசனைக் காற்று முடிவு பண்றதில்ல, பள்ளிக்கூட மணி முடிவு பண்ணுது. இங்கிலாந்தில் 2013-ல் இருந்து விதி இறுகிப்போச்சு, விசேஷக் காரணம் இல்லாமல் பள்ளி நாளில் பிள்ளையைக் கூட்டிப் போக முடியாது. அப்படிப் போன ஒரு அப்பா 120 பவுண்டு அபராதத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2017-ல் தோற்றார். அதனால ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முழுக்கவும், கிறிஸ்துமஸுக்கும் குடும்பங்கள் மொத்தமா கிளம்புது. விலை ஏறுது. ஜூனிலும் செப்டம்பர் பாதிக்கு மேலும் விமானம் காத்தாடுது.

"ஐயோ, அங்க மழைக்காலமாச்சே" என்பவர்களுக்கு: தென்கிழக்கு ஆசியா முழுக்க ஒரே நேரத்தில் மழை பெய்யாது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று புக்கெட், கிராபி பக்கத்தை நனைக்கும். அப்போ மலேசியக் கிழக்குக் கரையின் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் வெயில். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அப்படியே மாறும், கிழக்குக் கரைத் தீவுகளில் விடுதிகளே மூடிவிடுவார்கள். பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. ஆக ஜூனில் பெரிய விமானத்தில் கோலாலம்பூர் வரை போய், அங்கிருந்து சின்ன விமானத்தில் கிழக்கே போனா, டிக்கெட்டும் மலிவு, வெயிலும் உண்டு. ஒரே எச்சரிக்கை: ரெண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி ரெண்டாவதை விட்டால் யாரும் பொறுப்பு ஏற்கமாட்டார்கள். நடுவில் ஒரு ராத்திரி விடுங்க.

இதெல்லாம் எனக்கு உதவுது, ஏன்னா நான் நாளைத் தள்ளிப் போட முடியும். அண்ணனால முடியல. சாவுக்கு ஆஃப் சீசன் கிடையாது. சில கம்பெனிகளில் துக்கத்துக்குப் போகிறவருக்குத் தனிச் சலுகை இருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2014-ல் அதை நிறுத்திவிட்டது. ஏர் கனடா மாதிரி சிலரிடம் இன்னும் இருக்கு, கேட்டாத்தான் சொல்வாங்க. கேளுங்க.

அப்பாவுக்குத் திரும்பப் போன் போட்டு இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். "அப்ப உன் மலிவு டிக்கெட்டுல பாதிக் காசு அந்தப் பையன் போட்டதுன்னு சொல்லு" என்றார். பி.எச்டி. பண்ணியிருக்கணும் எங்கப்பா.

ஊருக்கு உடனே போக என்று கொஞ்சம் பணம் தனியா எடுத்து வைக்க ஆரம்பிச்சிருக்கேன். வெளிநாட்டுல இருக்கிற நீங்களும் வைங்க. அதைத் தொடவேண்டிய நாள் வராம இருக்கட்டும்.

டிஸ்கி: ஜூன்ல தீசிஸ் எழுதாம தீவுக்குப் போறேன்னு என் பேராசிரியருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லிடாதீங்க :-)

வர்ட்டா?