குழந்தைக் காப்பகச் சட்டங்கள் (இந்தியா)

தாய்மார் தொழிலில் ஈடுபட்டிருக்கும் நேரத்தில் அவர்தம் சிறு குழந்தைகளைப் பேணும் கடமையை முதலாளிமார்மீது சுமத்திய சட்டங்களுள் முதன்மையாக மாணவர் பயிலத்தக்கது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலை ஒவ்வொன்றிலும், ஆறு வயதுக்குட்பட்ட அவர்தம் குழந்தைகளுக்கென வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள அறைகள், பயிற்சி பெற்ற மாதர் மேற்பார்வையில் அமைய வேண்டுமென அது விதித்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த எண்ணை முப்பதாகக் குறைத்தது. தேயிலை முதலிய தோட்டங்களுக்கு 1951-இலும், கட்டட வேலைத் தலங்களுக்கு 1996-இலும் இத்தகைய விதிகள் ஏற்பட்டன.

காப்பகம் இல்லாத இடத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் மூத்த பெண் குழந்தையின் தலையில் விழுந்து, அவளது பள்ளிப்படிப்பையே தடுத்துவிடுகிறதாதலால், இச்சட்டங்களின் பயன் ஒரு தலைமுறையோடு நிற்பதன்று. எனினும் பெண்களின் தொகையை மட்டும் கணக்கிட்ட விதி, காப்பகச் செலவைப் பெண்களுக்கு வேலை தருவதோடு பிணைத்து, அவர்களை அமர்த்தத் தயங்குவோருக்குக் காரணமும் அளித்தது; இது பெருங்குறையே. ஆண், பெண் இருபாலாரையும் சேர்த்து ஐம்பதோ அதற்கு மேலோ ஊழியர் உள்ள நிறுவனத்துக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் நாள்தோறும் நான்கு முறை சென்று குழந்தையைக் காணும் உரிமையையும் வழங்கிய 2017-ஆம் ஆண்டு மகப்பேற்று நலத் திருத்தச் சட்டம் இவ்வகையில் நியாயமானது. ஆயினும் வயலிலும் வீட்டு வேலையிலும் உழைக்கும் எண்ணற்ற தாய்மாரை இச்சட்டங்கள் எட்டவில்லை. அவர்களுக்கு ஓரளவேனும் துணையாக இருப்பவை 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளே.