குளிர் தேசத்து இஞ்சின்

நார்வே பக்கத்துச் சின்ன மீன்பிடிப் படகுகளில் டீசல் ஹீட்டர் மாட்டுவது சாதாரண விஷயம். கைப்பெட்டி அளவு கருவிதான். பம்ப் டீசலைத் துளித்துளியாகத் தள்ளும், உள்ளே அது எரியும், காற்றாடி சூடான காற்றைப் படகறைக்குள் அனுப்பும். புகை தனிக் குழாய் வழியாக வெளியே போகணும். அந்தக் குழாய் கசிந்தால் கார்பன் மோனாக்சைடு தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

பொந்தியானில் இதைச் சொன்னால் சிரிப்பாங்க. குக்கூப் படகுத்துறையிலிருந்து நிலநடுக்கோடு சுமார் 150 கிலோமீட்டர்தான். இங்கே எவருக்கு ஹீட்டர்? ஆனால் யோசித்துப் பார்த்தால், நம்ம படகிலும் ஒரு ஹீட்டர் இருக்கு. அதற்குப் பேர் இஞ்சின்.

சின்ன டீசல் இஞ்சினில் ஊற்றுகிற எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் படகைத் தள்ளப் போகிறது. மீதி புகையிலும் குளிர்விக்கும் தண்ணீரிலும் வெப்பமாகப் போய்விடும். குளிர்நாட்டு மீனவர் அந்தச் சூட்டில் கையைக் காய்ச்சிக்கலாம், ஈரச் சட்டையை உலர்த்திக்கலாம். நமக்கு அது வெறும் செலவு. ஒரு இயந்திரம் தான் பிறந்த ஊரின் குளிரையும் கரையையும் சேர்த்தே கொண்டுவருகிறது. இஞ்சின் நம் கடலுக்கு வந்த கதையை இந்தக் கோணத்தில் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது.

1952-இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஒரு ஒப்பந்தம் போட்டன. அடுத்த ஆண்டு கொல்லத்துக்கு அருகே நீண்டகரை, சக்திகுளங்கரை கிராமங்களில் இந்திய–நார்வே மீன்பிடித் திட்டம் தொடங்கியது. அப்போது அது திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம். கன்னியாகுமரியும் 1956 வரை அதே மாநிலத்தில்தான் இருந்தது. மருத்துவ நிலையம், குடிநீர், ஐஸ் தொழிற்சாலை எல்லாம் திட்டத்தில் உண்டு. நடுநாயகம் இஞ்சின்தான்.

இருக்கிற வள்ளத்திலேயே இஞ்சினைப் பொருத்திவிடலாம் என்பது முதல் யோசனை. அது சரிப்படவில்லை. கட்டுமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து மரங்களைக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். அதற்குள் பள்ளம் கிடையாது. அலை மரங்களுக்கு இடையே புகுந்து வடியும். அதனால்தான் அது கவிழ்ந்தாலும் மூழ்காது. இஞ்சினுக்கோ அசையாத ஒரு மேடை வேணும், நீர் புகாத வயிறு வேணும், சுழலிக்கு அடியில் ஆழம் வேணும். அலையைத் தாண்டி மணலில் ஏறும் கரையில், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சுழலிதான் முதலில் உடையும்.

ஆகவே படகையே மாற்றினார்கள். புதுப் படகுக்கு மணல் போதாது, துறைமுகம் வேணும். இழுவலை வந்தது, 1960களில் இறால் ஏற்றுமதி சூடுபிடித்தது. முதல் போட முடிந்தவர்கள் கைக்குப் படகு போனது. கேரள மீன்வளத்தை நெடுங்காலம் ஆய்ந்த ஜான் குரியன் 1985-இல் இந்த நார்வே உதவியைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றைக்கும் பேசப்படுகிறது. தமிழ்நாட்டுக் கரையிலும் விசைப்படகும் கட்டுமரமும் மோதின, வலைகள் அறுந்தன. 1983-இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்றது.

இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் பலர், "பழைய மீனவர்கள் இயந்திரத்தை ஏத்துக்கல" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஏற்காதது மீனவர் இல்லை, அந்தக் கரை.

இதைப் புரிந்துகொண்ட ஒரு முயற்சியும் நடந்தது. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கியது. அதில் வேலை செய்த படகு வடிவமைப்பாளர் ஓய்விந்த் குல்பிரான்சன், அவரும் நார்வேக்காரர்தான். அங்கே உருவான கரையேறும் படகுகளில் சின்ன டீசல் இஞ்சினும் தண்டும் சுழலியும் ஒரே தொகுதி. அலை வரும்போது மொத்தமாகச் சாய்த்துச் சுழலியை மேலே தூக்கிக்கொள்ளலாம். துறைமுகத்தைக் கட்டுவதற்குப் பதிலாக இஞ்சினை வளைத்தார்கள். நீண்டகரையில் கேட்காமல் விட்ட கேள்வி, கால் நூற்றாண்டு கழித்துக் கேட்கப்பட்டது.

குக்கூப்பில் வீடுகளே தண்ணீரில் கால் ஊன்றி நிற்கின்றன. படகு வாசலில் மிதக்கும், எதிரே குக்கூப் தீவின் அலையாத்திக் காடு அலையைத் தடுக்கும். இங்கே இஞ்சின் மாட்ட யாரும் அலையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இதனால் குக்கூப்காரர் முற்போக்கு, சென்னைக் கட்டுமரக்காரர் பிற்போக்கு என்று ஆகிவிடுமா? அடுத்த முறை எங்காவது "மீனவர்கள் மாற மறுத்தார்கள்" என்று படித்தால், அவர்கள் படகு எந்தக் கரையில் ஏறியது என்று முதலில் பாருங்கள்.