எளியோர்க்கு ஏற்ற இல்லம்

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. குடியிருக்கும் இல்லமும் வீடு. துன்பத்தினின்று பெறும் விடுதலையும் வீடு. தனக்கென ஓர் இல்லம் பெற்றவன் பாதி விடுதலை பெற்றவன் என்று நம் முன்னோர் கருதினர் போலும். ஆயினும், ‘வீட்டைக் கட்டிப் பார்’ என்று எச்சரித்தவர்களும் அவர்களே. பிறந்த ஊரை விட்டு வந்து காலனிகளில் வாழும் நமக்கு இப்பழமொழியை எவரும் விளக்க வேண்டுவதில்லை. வாழ்நாட் சேமிப்பெல்லாம் சிமெண்டிலும் கம்பியிலும் கரைவதைக் கண்கூடாகக் கண்டவர்கள் நாம். எளியவரும் நல்ல வீடு பெற இயலும் என்று இந்தக் கேரள மண்ணில் செய்து காட்டிய ஒருவரைப் பற்றியும், அவர் துணை நின்று வளர்த்த அமைப்பைப் பற்றியும் ஈண்டுச் சிறிது காண்போம்.

லாரி பேக்கர் 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். கட்டடக் கலை பயின்றவர். போரை வெறுக்கும் குவேக்கர் நெறியினர். இரண்டாம் உலகப் போரின்போது படைக்கலம் ஏந்த மறுத்து, சீனத்தில் நோயாளர்க்குத் தொண்டு செய்தார். தாயகம் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைக் கண்டார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் அதைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்ற அடிகளின் கருத்து அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1945இல் தொழுநோயாளர் நலப் பணிக்காக இந்தியா வந்தார். 1948இல் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்தார். இருவரும் இமயமலைச் சாரலில் உள்ள பித்தோராகரில் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு அம்மலைமக்கள் கட்டிய வீடுகளே தமக்குச் சிறந்த பாடம் என்று பேக்கர் உணர்ந்தது அங்கேதான்.

1963இல் அவர்கள் இடுக்கியின் எல்லைப் பகுதியான வாகமண்ணுக்கு வந்தனர். வாகமண் பீர்மேடு வட்டத்தைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு இணைந்த செய்தி நாம் அறிந்ததே. அந்த மலைகளில் தேயிலை வளர்த்த கைகளிற் பெரும்பாலானவை தமிழர் கைகள். அவர்கள் குடியிருந்தவை லயங்கள்: ஒரே கூரையின் கீழ், சுவரோடு சுவர் ஒட்டி, வரிசையாக நிற்கும் சிற்றறைகள். தொழிலாளர்க்குக் குடியிருப்பு அளிப்பதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளிகளின் கடமையாக்கியது. ஆனால் வேலை உள்ளவரைதான் அறை. ஓய்வு பெற்றால் அறையையும் துறத்தல் வேண்டும்.

சுவரோடு சுவர் ஒட்டியிருப்பது குறையா என்று கேட்கலாம். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்து வீடுகளும் அவ்வாறு ஒட்டி நிற்பனவே. ஆனால் அங்கே திண்ணை உண்டு, ஓட்டுக் கூரை உண்டு. குடியிருப்போரின் வாழ்க்கை முறைக்கு ஏற்பவே அவ்வீடுகள் உருவாயின. லயத்தில் வாழ்ந்தவரையோ, உனக்கு எத்தகைய வீடு வேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. வேற்றுமை சுவரில் இல்லை. அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

பேக்கரின் தொழில் அக்கேள்வியிலிருந்தே தொடங்கியது. பின்னர்த் திருவனந்தபுரத்தில் குடியேறிய அவர், வீட்டுக்குரியவரோடு பேசி, மனையை நேரிற் கண்ட பின்னரே வரைபடம் வரைவார். கொத்தனாரோடு உடன் நின்று வேலை வாங்குவார். இயன்றவரை மரங்களை வெட்ட மாட்டார். பூந்துறை மீனவர்க்கு 1970களில் அவர் அமைத்த வீடுகள் நேர்வரிசையில் நில்லாமல் சற்று முன்னும் பின்னுமாக நின்றன. கடற்காற்று எல்லா வீட்டுக்கும் கிடைத்தது, முன்னே வலை உலர்த்த இடமும் கிடைத்தது. தம்பானூர்ப் பேருந்து நிலையத்தருகே சுழன்று மேலேறும் இந்தியன் காபி ஹவுஸ் கட்டடத்தை நம்மிற் பலர் கண்டிருப்போம். அதுவும் அவர் படைப்பே.

அவர் கையாண்ட முறைகளில் இரண்டை அறிந்துகொள்வது நமக்குப் பயன்படும். ஒன்று, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பின் மேல் நிறுத்தி அடுக்கினால் சுவரின் நடுவே வெற்றிடம் உண்டாகும். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளே தங்கிய காற்று வெயிலின் வெம்மையைத் தடுக்கும். மற்றொன்று, ஓடு பதித்த தளம். கூரைத் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே; அங்குள்ள கான்கிரீட்டுக்கு வேலை குறைவு. ஆதலின் கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளைப் பதித்துவிட்டால் சிமெண்டும் எடையும் குறையும், செலவும் குறையும். இவ்வாறு மிஞ்சும் பணம் தொலைவிலுள்ள ஆலைக்குச் செல்லாமல் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியாகும் என்பதும் அவர் கொள்கை.

தனி ஒருவரின் திறமை அவரோடு மறைந்துவிடக் கூடாது அன்றோ? முன்னாள் முதலமைச்சர் சி. அச்சுத மேனன், பொருளியல் அறிஞர் கே. என். ராஜ், டி. ஆர். சந்திரதத் ஆகியோரும் பேக்கரும் சேர்ந்து 1985இல் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு காஸ்ட்ஃபோர்டு என்னும் அமைப்பை நிறுவினர். ஊதியத்தைப் பெரிதென எண்ணாமல், ஏழையின் சிறு வீட்டையும் செல்வரின் மாளிகையையும் ஒரே கவனத்தோடு கட்டித் தருதலும், கொத்தனார்க்கும் இளம் பொறியாளர்க்கும் பயிற்சி அளித்தலும் அதன் பணிகள். பேக்கர் 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2007இல் மறைந்தார். அமைப்பின் பணி இன்றும் தொடர்கிறது.

இவ்வழியில் தடைகளும் இருந்தன. பூச்சில்லாத செங்கற் சுவரை ஏழ்மையின் அடையாளமாக எண்ணுவோர் ஏழைகளிலேயே மிகுதி. பக்கத்து வீடு பளபளக்கும்போது தம் வீடு மட்டும் செங்கல்லாக நிற்க எவர் மனம் ஒப்பும்? மேலும் இம்முறைகளுக்குக் கைதேர்ந்த கொத்தனார் வேண்டும்; பழகாத கை தொட்டால் சிக்கனம் வீணாகும். பயிற்சிக்கு அவ்வமைப்பு இத்துணை இடம் அளித்ததன் காரணம் இதுவே.

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் வீழ்ந்தது. எழுபது உயிர்கள் மாண்டன. மாண்டோரிற் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பகுதியை வேராகக் கொண்டவர், நம்மவர். மலைச்சரிவைக் கட்டடக் கலை தடுக்காது என்பது மெய். ஆனால் எவ்விடத்தில் கட்டுவது, எவ்விடத்தைத் தவிர்ப்பது என்று ஆராய்வதே கட்டடக் கலையின் முதற்பாடம். தாம் வாழும் இடத்தைத் தாமே தேரும் உரிமை அம்மக்களுக்கு இருந்ததில்லை.

அன்பர்களே! நாளை நம்மில் ஒருவர் வீடு கட்டத் தொடங்கும்போது, ஊரார் மெச்ச வேண்டும் என்பதை ஒதுக்கிவிட்டு, வீட்டிலுள்ளோர் எவ்வாறு வாழ்கின்றனர் என்று முதலிற் கேட்போம். மலையில் உழைக்கும் நம் உடன்பிறந்தார்க்கு வீடு என்று யாரேனும் பேசும்போதெல்லாம், அவர்களைக் கேட்டீர்களா என்று நம் சங்கம் உரக்கக் கேட்கட்டும். பிறர்க்குச் செல்வம் விளைவித்த கைகளுக்கு ஓய்வுக் காலத்திலும் பூட்டித் திறக்க ஒரு கதவு சொந்தமாக வேண்டும். அக்கதவு திறக்கும் நாளிலேயே வீடு என்னும் சொல் அவர்களுக்கு அதன் இரு பொருளையும் தரும்.