கட்டணமும் பட்டமும்: இங்கிலாந்து மாணவர் கிளர்ச்சிகள் பற்றியதோர் ஆய்வு

1. தோற்றுவாய்

பல்கலைக்கழகம் வழங்கும் தகுதியைத் தமிழில் ‘பட்டம்’ என்கிறோம். நெற்றியில் அணிவிக்கும் பொற்றகட்டினைக் குறித்த இச்சொல், அதனை அணிவித்து அளிக்கும் சிறப்பிற்கும், பின்னர்க் கல்வித் தகுதிக்கும் பெயராயிற்று. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘டிகிரி’ என்னும் சொல், படி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கல்விக் கட்டணத்தைக் குறிக்க வழங்கும் ‘டியூஷன்’ என்பதோ காத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. அளிக்கப்பெறுவது, ஏறிச்செல்வது, காக்கப்படுவது என்னும் இம்மூன்று கருத்துள் எதனிலும் விலை கொடுத்துக் கொள்வது என்னும் கருத்து இல்லை. எனினும் சொற்பிறப்பு ஒன்றே வரலாற்றுக்குச் சான்றாகாது. பொருள் பெற்றுக்கொண்டு கற்பித்தல் பல நாடுகளிலும் உள்ள பழைய வழக்கமேயாம். ஆதலின் கட்டணம் பெறுதல் முறையா என்பதினும், கட்டணம் பெறுங்கால் பட்டம் எப்பொருளாக மாறுகின்றது என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

இவ்வினாவிற்கு விடைகாண இங்கிலாந்தின் அண்மைக்கால வரலாறு பெரிதும் துணைபுரிகின்றது. ஒரு மனிதரின் வாழ்நாள் எல்லைக்குள்ளேயே அந்நாட்டில் கட்டணச் சுமையில்லா உயர்கல்வி நிலைபெற்றது. பின்னர்ப் படிப்படியாகத் தளர்ந்தது. இறுதியில் முற்றும் மாறியது. மாற்றத்தின் படிகள் பலவற்றிலும் மாணவர் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சிகளுள் பெரும்பாலன தோல்வியில் முடிந்தன. தோற்ற கிளர்ச்சிகள் எழுப்பிய வினாவும் தோற்றொழிந்ததா என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

2. பொதுப்பொருளாகிய பட்டம்

1960ஆம் ஆண்டில் ஆண்டர்சன் குழு அளித்த அறிக்கையின் வழி, 1962ஆம் ஆண்டில் கல்விச் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. பல்கலைக்கழகத்தில் இடம்பெற்று முழுநேரம் பயிலும் மாணவர்க்கு, அவர்தம் முதற்பட்டப் படிப்பிற்கான கட்டணத்தைச் செலுத்துவதும், குடும்ப வருவாய்க்கேற்ப உணவு உறையுட்கு உதவித்தொகை வழங்குவதும் உள்ளாட்சிக் கல்வி மன்றங்களின் கடமை என அச்சட்டம் விதித்தது. கட்டணம் என்னும் பெயர் மறையவில்லை; அதனைச் செலுத்தும் கை மாறிற்று.

அடுத்த ஆண்டு அக்டோபர்த் திங்களில் ராபின்ஸ் குழுவின் அறிக்கை வெளிவந்தது. திறனும் தேர்ச்சியும் பெற்று, உயர்கல்வியை விரும்பும் அனைவர்க்கும் அது கிட்டுதல் வேண்டும் என்பது அவ்வறிக்கையின் அடிப்படைக் கொள்கை. தொழிற்றிறன் பயிற்றுதல், மனத்தின் பொதுவாற்றலை வளர்த்தல், அறிவை மேம்படுத்தல், பொதுப்பண்பாட்டையும் குடிமைப் பண்பையும் வழிவழியாக ஒப்படைத்தல் என உயர்கல்வியின் நோக்கங்களை அது நான்காக வகுத்தது. இந்நான்கனுள் தொழிற்றிறன் ஒன்றே ஊதியத்தோடு நேர்த்தொடர்புடையது. ஏனைய மூன்றும் ஊதியத்தால் அளந்தறியத்தக்கன அல்ல. இவ்வகைப்பாட்டினை மனத்திற் கொள்ளுதல், பின்வரும் நிகழ்ச்சிகளின் பொருளை உணர்தற்கு இன்றியமையாதது.

இவ்வமைப்பில் ஒரு குறையும் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் உரிய வயதினருள் நூற்றுவர்க்கு ஏறத்தாழ நால்வரே பல்கலைக்கழகம் புகுந்தனர். அவருட் பலர் வசதி படைத்த குடியினர். அனைவரும் செலுத்தும் வரியினாற் சிலர் மட்டும் பயன்பெறுகின்றனர் என்னும் எதிர்வாதம் இவ்விடத்தேதான் கருக்கொண்டது. அவ்வாதத்தை வெற்றுரை என்று ஒதுக்குதல் நடுவுநிலை ஆகாது.

3. அரண் தளர்ந்த வரலாறு

கட்டணத்தின் சுமை முதன்முதல் வீழ்ந்தது உள்நாட்டு மாணவர்மேல் அன்று. 1967ஆம் ஆண்டில் வெளிநாட்டு மாணவர்க்கெனத் தனிக்கட்டணம் விதிக்கப்பெற்றது. ஏறத்தாழ 70 பவுண்டாக இருந்தது அவர்க்கு மட்டும் 250 பவுண்டாக உயர்ந்தது. அதனை எதிர்த்து மாணவர் அணிவகுத்தனர், பயன் விளையவில்லை. 1980-81ஆம் கல்வியாண்டு முதல் கல்விச்செலவு முழுவதையும் வெளிநாட்டு மாணவரே ஏற்றல் வேண்டும் என்றாயிற்று. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்று பயின்ற தமிழரும் அவருள் அடங்குவர். கல்வியைச் செலவுக்கேற்ற விலைக்கு விற்றல் என்னும் கொள்கை, வாக்குரிமையின் வலியற்ற அயலார்மீது முதற்கண் செலுத்தப்பெற்று, பிறகே உள்நாட்டார்மீது திரும்பிற்று என்பது கருதத்தக்கது.

1984ஆம் ஆண்டில், செல்வக் குடும்பத்தார் தம் மக்களின் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்றல் வேண்டும் என்று கல்வியமைச்சர் கீத் ஜோசப் முன்மொழிந்தார். மாணவர் எதிர்த்தனர், ஆளுங்கட்சி உறுப்பினரும் எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. மாணவர் பக்கம் கிட்டிய மிகச்சில வெற்றிகளுள் இஃது ஒன்று. எனினும் செல்வர் எதிர்த்தமையாற் கிட்டிய வெற்றியாதலின், இது நெடிது நிற்கவில்லை. 1988 நவம்பரில், உதவித்தொகைக்கு மாற்றாகக் கடன் வழங்கும் திட்டத்தை எதிர்த்து இலண்டனில் திரண்ட மாணவரை வெஸ்ட்மின்ஸ்டர்ப் பாலத்தருகே காவலர் தடுத்தனர், கைகலப்பு நிகழ்ந்தது. கடன் திட்டமோ 1990இல் சட்டமாயிற்று.

இதற்கிடையே மாணவர் தொகை பெருகிற்று. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்களாயின. 1997இல் வெளிவந்த டியரிங் குழு அறிக்கை, முந்தைய இருபதாண்டில் ஒரு மாணவர்க்குக் கிட்டிய அரசு நிதி நூற்றுக்கு 40 விழுக்காடு குறைந்ததெனக் கணக்கிட்டது. பட்டம் பெற்றோர் தம் கல்விச்செலவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினைத் தாமே ஏற்றல் வேண்டும் என்பது அதன் பரிந்துரை. இதனையடுத்து 1998ஆம் ஆண்டுச் சட்டம், குடும்ப வருவாய்க்கேற்ப ஆண்டிற்கு 1,000 பவுண்டு வரை முன்கட்டணம் விதித்தது.

கூடுதற் கட்டணம் விதிப்பதில்லை என்று 2001ஆம் ஆண்டுத் தேர்தலில் உறுதிகூறிய தொழிற்கட்சியே, 2004 சனவரி 27ஆம் நாள், 3,000 பவுண்டு வரை கட்டணம் பெற வழிசெய்யும் மசோதாவைப் பொதுமக்கள் அவையில் 316க்கு 311 என ஐந்தே வாக்குகளால் நிறைவேற்றிக்கொண்டது. 2006 முதல் நடைமுறைக்கு வந்த அக்கட்டணத்தைப் படிக்குங்காற் செலுத்த வேண்டுவதில்லை. பட்டம் பெற்று ஊதியம் ஈட்டுங்கால் கடனாகத் திருப்பிச் செலுத்தலாம். ஸ்காட்லாந்தோ வேறு வழிச் சென்றது. அங்கு 2000இல் முன்கட்டணம் நீக்கப்பட்டது. 2001இல் புகுத்தப்பெற்ற பட்டதாரி நிதியும் 2008இல் ஒழிக்கப்பட்டது. ஆகவே கட்டணம் காலத்தின் கட்டாயம் என்பது முற்றும் பொருந்தாது. அரசியல் தேர்வும் அதனுள் அடங்கியுள்ளது.

4. 2010ஆம் ஆண்டுக் கிளர்ச்சி

2010 மே மாதத்தில் நடந்த பொதுத்தேர்தலுக்கு முன், கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று தேசிய மாணவர் சங்கம் முன்வைத்த உறுதிமொழியில் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவர் நிக் கிளெக்கும் அக்கட்சி வேட்பாளர் பலரும் கையொப்பமிட்டனர். தேர்தலுக்குப்பின் அக்கட்சி கன்சர்வேடிவ் கட்சியோடு கூட்டணி ஆட்சி அமைத்தது. அக்டோபர் 12ஆம் நாள் பிரௌன் குழு அறிக்கை வெளிவந்தது. அதனையொட்டி, கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்த அரசு முடிவுசெய்தது. கற்பித்தற்கென அரசு வழங்கிய மானியத்துள் பெரும்பகுதி நீக்கப்படும் என்பதும் அறிவிக்கப்பட்டது. அறிவியல், மருத்துவம் முதலிய சில துறைகட்கே மானியம் எஞ்சும். கலையியல், மானிடவியற்புலங்கள், சமூகவியல் ஆகியன மாணவர் செலுத்தும் கட்டணத்தாலேயே வாழ்தல் வேண்டும் என்பது இதன் விளைவு.

நவம்பர் 10ஆம் நாள் மாணவர் சங்கமும் ஆசிரியர் சங்கமும் கூடி நடத்திய அணிவகுப்பில் ஏறத்தாழ ஐம்பதினாயிரவர் கலந்துகொண்டனர். ஒரு பகுதியினர் மில்பேங்க்கில் இருந்த கன்சர்வேடிவ் கட்சித் தலைமையகக் கட்டடத்துள் புகுந்து கண்ணாடிகளை உடைத்தனர். கூரையிலிருந்து தீயணைப்புக் கருவி ஒன்று கீழே எறியப்பட்டது. மாணவர் சங்கத் தலைமை இதனைக் கண்டித்தது. நவம்பர் 24ஆம் நாள் பள்ளி மாணவரும் வகுப்பறை நீங்கி வீதிக்கு வந்தனர். எளிய குடும்பத்துப் பிள்ளைகள் மேனிலைப் பள்ளியிற் பயிலுங்காற் பெற்றுவந்த வார உதவித்தொகை ஒழிக்கப்படவிருந்ததே அவர்தம் தனிக்குறை. காவலர் மாணவரைப் பல மணிநேரம் குளிரில் வளைத்து நிறுத்தினர்.

பல பல்கலைக்கழகங்களில் மாணவர் அறைகளைக் கைக்கொண்டு அமர்ந்தனர். இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் அவர் அமர்ந்த அறை ஜெரெமி பெந்தத்தின் பெயர் தாங்கியது. பயனையே அளவுகோலாகக் கொண்ட மெய்யியலாளரின் பெயர்கொண்ட அறையில், கல்வியின் பயனை எதனால் அளப்பது என்னும் வழக்கு நிகழ்ந்தமை வியப்பிற்குரியதொரு பொருத்தமாகும். மற்றொரு காட்சியும் குறிக்கத்தக்கது. டிசம்பர் 9ஆம் நாள் இலண்டன் தெருக்களில் மாணவர் சிலர் நூல்களின் முகப்புப்போல் வண்ணந்தீட்டிய கேடயங்களை ஏந்தி வந்தனர். சின்னாட்கு முன்னர் ரோம் நகர மாணவர் கைக்கொண்ட முறை இது. ஆல்டஸ் ஹக்ஸ்லியின் புதினமும் அக்கேடயங்களுள் ஒன்றன்மேல் இடம்பெற்றது. காவலர் தடி நூலின்மேல் வீழும் காட்சியை உண்டாக்குவதே இதன் உத்தி. எத்துறைகள் மானியம் இழந்தனவோ அத்துறைகளின் நூல்களே அன்று கேடயமாயின.

அந்நாள் மாலையில் கட்டண உயர்வுத் தீர்மானம் 323க்கு 302 என 21 வாக்குகளால் நிறைவேறிற்று. லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் 57 பேருள் 21 பேர் எதிர்த்து வாக்களித்தனர். வெளியே இரவு வெகுநேரம் வரை மாணவர் வளைத்து நிறுத்தப்பட்டிருந்தனர். மாணவர் ஒருவர் தலையிற் படுகாயமுற்று மூளை அறுவைக்கு உள்ளானார். வாக்குறுதி தவறியமைக்கு 2012இல் கிளெக் மன்னிப்புக் கோரினார், கட்டணம் மாறவில்லை. 2015ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சியின் இடங்கள் எட்டாகச் சுருங்கின. அதற்குக் காரணம் இஃதொன்றே அன்று எனினும், இதுவும் ஒன்றென்பதை மறுப்பார் இலர்.

5. விளைவுகளை நிறுத்துப் பார்த்தல்

கிளர்ச்சி செய்தோர் கூறியன அனைத்தும் மெய்யாயினவா என நடுநின்று நோக்குதல் ஆய்வாளர் கடன். கட்டண உயர்வால் எளிய குடும்பத்து இளைஞர் பல்கலைக்கழகத்தை விட்டு விலகுவர் என்னும் அச்சம் முழுநேரப் படிப்பைப் பொறுத்தவரை மெய்யாகவில்லை. அவர் சேரும் வீதம் பின்னரும் உயர்ந்தது. ஆனால், பணியாற்றிக்கொண்டே பகுதிநேரம் பயில்வோர் தொகை 2010க்குப்பின் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. முதிர்ந்த வயதிற் கற்க வந்தோரே பெரிதும் இழப்புற்றனர்.

அரசு எதிர்பார்த்த சேமிப்பும் முழுமையாகக் கிட்டவில்லை. திரும்பாத கடன் முப்பதாண்டின்பின் தள்ளுபடியாகும் என்பது 2012ஆம் ஆண்டு விதி. பலர் கடன் முழுதும் திரும்பாதென்பது தெளிவாகவே, அதன் ஒரு பகுதியைச் செலவாகவே கணக்கிடுதல் வேண்டும் என 2018 டிசம்பரில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் முடிவுசெய்தது. 2023 முதற் சேர்வோர்க்குத் தவணை நாற்பதாண்டாக நீட்டிக்கப்பட்டது. 2019இல் ஆகர் குழு கட்டணத்தை 7,500 பவுண்டாகக் குறைக்கப் பரிந்துரைத்தது, அஃது ஏற்கப்பெறவில்லை. 2017இல் 9,250ஆக இருந்த உச்சவரம்பு 2025-26இல் 9,535ஆயிற்று.

இவற்றினும் ஆழமான மாற்றம் பட்டத்தின் பொருளில் நிகழ்ந்தது. கடனாக அளித்த பொருள் திரும்புமா என்பதை அறிய, பட்டதாரிகளின் ஊதியத்தை அரசு கணக்கிடலாயிற்று. வரிப்பதிவுகளைக் கல்விப்பதிவுகளோடு இணைத்து, எத்துறையிற் பயின்றோர் எத்துணை ஈட்டினர் என வெளியிடும் முறை தோன்றிற்று. 2020இல் நிதியியல் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, பட்டதாரிகளுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் பல்கலைக்கழகம் செல்லாதிருந்தாற் பொருளளவில் மேம்பட்டிருப்பர் எனக் கணித்தது. படைப்புக்கலைத் துறையினர் பெறும் பயன் மிகக்குறைவு என்றும் அது காட்டிற்று. 2023 சூலையில் அரசு, பயன்தராத பட்டப்படிப்புகளின் மாணவர் தொகைக்கு வரம்பு விதிக்கப்போவதாக அறிவித்தது. முதலில், பட்டம் ஊதியத்தைப் பெருக்கும். ஆதலின் நீயே விலை கொடு என்றனர். பின்னர், ஊதியத்தைப் பெருக்காத பட்டம் பட்டமன்று என்றனர். முன்னதன் தருக்கமுறை விளைவே பின்னது.

மிடில்செக்ஸ் பல்கலைக்கழகம் மெய்யியற்றுறையை மூட முடிவுசெய்தது 2010ஆம் ஆண்டு ஏப்ரலில். அதாவது பெருங்கிளர்ச்சிக்கும் முன்னர். அத்துறையின் ஆய்வு மையம் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்திற் புகலடைந்தது. 2024இல் கென்ட் பல்கலைக்கழகம் மெய்யியல், கலைவரலாறு முதலிய துறைகளை நிறுத்த முடிவுசெய்தது. இலக்கியமும் மொழியும் கற்பிப்போராகிய எம்மனோர்க்கு இவை அயல்நாட்டுச் செய்திகளாக மட்டும் தோன்றா.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, கட்டணத்தின் அளவைப் பற்றியதாகத் தோன்றிய பூசல், பட்டத்தின் பயன் எவர்க்குரியது என்னும் பூசலேயாகும். இரண்டாவது, சிலர்க்கே கிட்டிய உயர்கல்வியைப் பலர்க்குரியதாக்குங்கால் அதன் செலவை எவர் ஏற்பது என்னும் அரசின் வினா மெய்யான வினாவே. மாணவர் இயக்கங்கள் அதற்கு முழுமையான விடை தந்தன எனல் இயலாது. மூன்றாவது, அவ்வினாவிற்கு விலை ஒன்றையே விடையாகக் கொண்டபோது, ராபின்ஸ் குழு வகுத்த நான்கு நோக்கங்களுள் மூன்று அளவுகோலின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டன.

மாணவர் தோற்றனர் என்பது வாக்கெண்ணிக்கையளவில் உண்மை. ஆனால், எதனால் அளப்பது என்று அவர் எழுப்பிய வினா, பட்டங்கள் ஒவ்வொன்றாகப் பயனற்றவை எனப் பெயர்பெறுந்தோறும் மீண்டும் எழுகின்றது. அதற்கு விடையிறுக்கும் பொறுப்பு, துறை மூடப்படும் நாளில் வீதிக்கு வரும் மாணவரதன்று. அதற்கு முன்னரே தாம் கற்பிப்பது எதன்பொருட்டு என்பதை ஊதியக் கணக்கிற்கு அப்பாற்பட்ட சொற்களால் எடுத்துரைக்க வேண்டிய ஆசிரியரதாகும்.