திருவனந்தபுரமும் ஒலி-ஒளிவழிக் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வகுப்பறைக்குள் ஒலி-ஒளிக் கருவிகள் புகுந்த வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. வானொலி, தொலைக்காட்சி, செயற்கைக்கோள், கணினி என அவற்றை வரிசைப்படுத்தும்போது, பின்வந்தது முன்னதைவிடச் சிறந்தது என்னும் எண்ணம் தானே எழும். கற்போன் வினவுவதற்கு வழி இருந்ததா, அவன் மொழியில் பாடம் சென்றடைந்ததா என்னும் இரு வினாக்களை முன்வைத்து நோக்கினால் அவ்வரலாறு வேறொரு தோற்றம் கொள்ளும். அவ்வாறு நோக்குதற்கு ஏற்ற களமாகத் திருவனந்தபுரம் விளங்குகிறது.

கேட்டலும் வினாதலும்

கற்கும் முறையைத் தமிழ் இலக்கண மரபு முன்பே வகுத்துள்ளது. நன்னூலின் பொதுப்பாயிரம் பாடம் கேட்டலோடு நில்லாது, வினாவுதலையும் வினாவியவற்றிற்கு விடை கூறுதலையும் மாணாக்கனுக்குரிய கடமைகளாகக் கொள்கிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு உளங்கொண்டாலும் புலமையில் காற்பங்கே கைவரும். உடன் கற்போரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது பவணந்தியார் கருத்து. ஒரு நூலை இருமுறையும் மும்முறையும் கேட்பதன் பயனையும் அவர் சுட்டுகிறார். பதிவு செய்யப்பட்ட பாடம் மீண்டும் மீண்டும் கேட்கும் வாய்ப்பைத் தருவது. எனினும், அதனால் மட்டும் உடன்பயிலலும் எடுத்துரைத்தலும் நிகழ்ந்துவிடா. ஒலி-ஒளிக் கருவிகளை மதிப்பிடுதற்கு இவ்வளவுகோல் இன்றும் பொருந்துவதாகும்.

ஒருவழிப் பாதை

திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் 1943ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்று, 1950ஆம் ஆண்டு அகில இந்திய வானொலியோடு இணைந்தது. கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும் வரை, தமிழ் பேசும் தென்வட்டங்களும் இந்நகரின் ஆட்சியின்கீழ் இருந்தன. நாட்டின் பல நிலையங்களும் பள்ளிகளுக்கென ஒலிபரப்பு நடத்தின. 1961இல் தில்லியில் பள்ளித் தொலைக்காட்சி தொடங்கியது. இவை இரண்டும் ஒருவழிப் பாதைகளே. நிலையம் பேசும், வகுப்பறை கேட்கும். ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பு வகுப்பாசிரியரிடமே நின்றது.

விண்வெளியும் பள்ளியும்

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ஆய்வு ஏவூர்தி செலுத்தப்பட்டது. மீனவர் ஊரின் புனித மரிய மகதலேனா தேவாலயம் தொடக்கக்கால ஆய்வுக் கூடமாகப் பயன்பட்டது. விக்ரம் சாராபாய் இத்திட்டத்தைக் கல்வியோடும் ஊரக வளர்ச்சியோடும் இணைத்தே சிந்தித்தார். அவர் 1971இல் மறைந்த பின், அச்சிந்தனை 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையாக வடிவம் பெற்றது. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் சுமார் 2400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகியவை அவற்றின் மொழிகள். தமிழும் மலையாளமும் இடம்பெறவில்லை. விண்வெளி முயற்சிக்கு வித்திட்ட மண்ணின் மொழியே அதன் முதற்பெருங் கல்விச் சோதனையில் ஒலிக்காது போயிற்று.

இருவழிப் பாதை

கல்விக்கெனவே உருவாக்கப்பட்ட எடுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று ஜிஎஸ்எல்வி ஏவூர்தியால் செலுத்தப்பட்டது. 2005 சூலையில் திருவனந்தபுரத்தில் விக்டர்ஸ் கல்வி வலையமைப்பைக் குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். தும்பாவில் பணியாற்றிய இராமேசுவரத்துத் தமிழர் ஒருவர் நாட்டின் தலைவராக அதே நகருக்கு வந்து நிகழ்த்திய தொடக்கம் அது. எடுசாட் அமைப்பில் இருவகை முனையங்கள் இருந்தன. ஒருவகை மையங்களில் மாணவர் ஆசிரியரை வினவலாம். மற்றவற்றில் பாடத்தைப் பெற மட்டுமே இயலும். ஆகவே இருவழித் தொழில்நுட்பத்திற்குள்ளேயே ஒருவழிக் கேட்போரும் இருந்தனர் என்பது கருதத்தக்கது. எடுசாட்டின் பணி 2010இல் நிறைவுற்ற பின்னும் விக்டர்ஸ் தொடர்ந்து இயங்கியது.

கேரளத்தின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கியது. கட்டற்ற மென்பொருளை மேற்கொண்டமையும் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தமையும் அதன் சிறப்புகள். அது 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக மாறியது. 2018 முதல் 8 முதல் 12 வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் ஒலிபெருக்கியும் வழங்கும் பணி நடந்தது. கருவி இங்கு ஆசிரியரின் கைக்கே வந்தது. படத்தை நிறுத்தி வினவவும், மீண்டும் காட்டவும், உடன்பயிலச் செய்யவும் அவரால் இயன்றது.

பெருந்தொற்றும் தமிழ்வழி மாணவரும்

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, 2020 சூன் 1 அன்று கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர் சுமார் 2.6 இலட்சம் பேர் என அப்போது கணக்கிடப்பட்டது. நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுவில் காணும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன.

கேரளத்தின் பாடநூல்கள் தமிழிலும் கன்னடத்திலும் வெளிவருகின்றன. இடுக்கியின் தேயிலைத் தோட்டப் பகுதிகளிலும் பாலக்காட்டின் கிழக்குப் பகுதிகளிலும் தமிழ்வழிக் கல்வி நிலவுகிறது. மலையாளவழிப் பாடம் தொலைக்காட்சியில் வந்தது. தமிழ், கன்னடவழிப் பாடங்களோ முதன்மையாக இணையக் காணொலித் தளம் வழியாகவே வழங்கப்பட்டன. ஓர் அலைவரிசை ஒரு நேரத்தில் ஒரு மொழியையே தாங்கும் என்பது இதன் நடைமுறைக் காரணம் எனலாம். விளைவு எளியோர்மேல் விழுந்தது. வீட்டிலுள்ள தொலைக்காட்சி போதாமல், திறன்பேசியும் தரவுச் செலவும் அலைபேசிச் சைகையும் தமிழ்வழி மாணவர்க்குத் தேவையாயின. சைகை குன்றிய மலைத்தோட்டத்தில் பாடம் இருந்தும் எட்டாத நிலை ஏற்பட்டது. ஆயினும் அக்காணொலிகள் தமிழில் உருவாக்கப்பட்டமை குறிப்பிடத்தக்க முன்னேற்றமே. 1975இல் மொழியே இடம்பெறவில்லை. 2020இல் மொழி இடம்பெற்றது, பாதை சமமாக அமையவில்லை.

முடிவுரை

திருவனந்தபுரத்தின் அனுபவம் கருவியின் புதுமையைக் காட்டிலும் அதன் அமைப்பே கல்வியைத் தீர்மானிக்கிறது என்பதை உணர்த்துகிறது. ஒலியும் காட்சியும் ஆசிரியர் உரைக்கும் காற்பங்கைப் பலருக்கும் பலமுறையும் எடுத்துச் செல்லும் வல்லமை உடையவை. எஞ்சிய முக்காற்பங்கு வினாவிலும் உடன்பயிலலிலும் எடுத்துரைத்தலிலும் விளைவது. சிறுபான்மை மொழி மாணவர்க்கான பாடம் உருவாக்கப்படுவதோடு, பெரும்பான்மையோர்க்குரிய அதே எளிய பாதையில் சென்று சேரவும் வேண்டும். கல்வித் தொழில்நுட்பத் திட்டங்கள் தொடக்கத்திலேயே இவ்விரண்டையும் கணக்கிற் கொள்ளுதல் இன்றியமையாதது.